அஜக்ஸ் செத்தவீட்டில் நீ அடித்த பறை

ஆரணி,

சென்ற மாதம் அஜக்ஸில் நடந்த செத்தவீட்டில் உன்னைக் கொண்டு பறை அடிப்பித்தார்கள். அது அநியாயம். நீ விரும்பித்தான் அடித்தாய் என்பது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அது அநியாயம். உன் விருப்பம் அதை நியாயமாக்கிவிடாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நேரில் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே நீ "அப்பா, ப்ளீஸ்" என்பாய், அம்மா தேத்தண்ணி போட எழும்புவாள், நான் கத்துவேன், பிறகு மூன்று பேரும் ஒன்றும் நடக்காததுபோல் ரிவி பார்ப்போம். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குக் களைத்துவிட்டது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் ஊர்ச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் மலருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். போடமாட்டார்கள். போன முறை நான் எழுதிய கட்டுரையைப் பக்கம் இல்லை என்று திருப்பினார்கள். அதே மலரில் வீடு விற்பவர்களின் படங்கள் பக்கம் பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. இந்த முறையும் போடாவிட்டால் நானே நகலெடுத்து, மார்க்கம் றோட்டுக் கடைகளில் இலவசப் பத்திரிகை அடுக்கியிருக்கும் இடத்தில் வைப்பேன். எழுபது கடந்தவனை இனி யார் என்ன செய்ய?

அப்படி வாசிக்கப் போகிறவர்களுக்காக நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நீ இங்கே கனடாவில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பறைக் குழு தொடங்கினீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் பழக்கினார். வேலைக்குப் போன பிறகும் நீ அதை விடவில்லை. தை மாதம் பிறந்தால் ஸ்காபரோவில் எந்த மேடை என்றாலும் உங்கள் குழுதான். கறுப்புச் சேர்ட், இடுப்பில் சிவப்புத் துணி, முன்வரிசையில் நீயும் உன் சிநேகிதி மதுராவும். ஒரு தடவைகூட நான் பார்க்க வரவில்லை. முழங்கால் நோ என்றேன், பனி என்றேன், பார்க்கிங் கிடைக்காது என்றேன். நீ நம்பினாய், அல்லது நம்பியதுபோல் இருந்துகொண்டாய்.

மதுராவின் அப்பப்பா காலமானபோது அவளுடைய அப்பா உனக்குத் தொலைபேசி எடுத்தார். ஊர் முறைப்படி பறை வேண்டும், அது பெரியவரின் கடைசி விருப்பம் என்றார். குழு முழுவதையும் கூட்டி வரட்டுமா என்று நீ கேட்டாய். "ஐயோ வேண்டாம் பிள்ளை, சின்னச் செத்தவீடு. நீர் ஒராள் வந்தால் காணும்" என்றார். சின்னச் செத்தவீடு என்றது பொய். அன்று பார்க்கிங் நிரம்பித் தெருவரை கார் நின்றதாக நீயே சொன்னாய். உள்ளே சத்தம் போடக் கூடாது என்று ஃபியூனரல் ஹோம்காரர் சொல்லிவிட்டாராம். ஆகவே நீ வாசலுக்கு வெளியே, பனியை வழித்து ஒதுக்கியிருந்த குவியலுக்குப் பக்கத்தில் நின்று அடித்தாய். அவர்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தார்கள். யாரோ கடதாசிக் கோப்பையில் கோப்பி கொண்டுவந்து வெளியிலேயே தந்தார்களாம். அந்தக் கடதாசிக் கோப்பையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இந்த நாட்டில் எல்லோருக்கும் கடதாசிக் கோப்பைதான்.

நீ வீட்டுக்கு வந்தபோது உன் கன்னங்கள் குளிரில் சிவந்திருந்தன. சப்பாத்தைக் கழற்ற முதலே கதைக்கத் தொடங்கிவிட்டாய்.

"அப்பா, அங்க எல்லாருக்கும் எங்கட அப்பப்பாவைத் தெரிஞ்சிருக்கு! ஒரு வயசுபோன அன்ரி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'உது எங்கட வல்லியன்ர பேத்தியெல்லே' எண்டு அழுதவ. ஐ வாஸ் சோ ஹப்பி அப்பா."

"அவற்ற பேர் வல்லிபுரம்" என்றேன்.

"ஓம், அது ஷோர்ட் நேம்தானே. மதுராவை மது எண்டு கூப்பிடுற மாதிரி."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "விடுங்கோவன். பிள்ளை சந்தோசமா வந்திருக்கிறாள். இப்ப ஏன் உந்தக் கதை?"

காலம் முழுக்க அந்த "விடுங்கோவன்" என்ற சொல்லோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்றும் விட்டேன். இப்போது சொல்கிறேன்: அது செல்லப்பெயர் இல்லை. உன் அப்பப்பாவுக்கு அவருடைய தகப்பன் வல்லிபுரம் என்றுதான் பெயர் வைத்தார். பதியப் போன இடத்தில், "உங்கட ஆக்களுக்கு உந்தப் பேர் கூடிப்போச்சு" என்று வல்லியன் என எழுதி அனுப்பினார்கள். சாகும்வரை அவருடைய எல்லாப் பத்திரங்களிலும் அதுதான் இருந்தது. அந்த அன்ரி உன் கையைப் பிடித்து அழுதது பொய்யழுகை என்று நான் சொல்லவில்லை. தொலைந்துபோன மாடு திரும்பி வந்தாலும் மனிதர் அழுவார்கள்.

அடுத்த கிழமை நீ செத்தவீட்டில் விட்டுவிட்டு வந்த சால்வையைக் கொடுக்க மதுரா வந்தாள். நீ வேலையால் வரப் பிந்திவிட்டது. அம்மா அவளை இருத்தி வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். நல்ல பிள்ளை. எனக்கு அவளில் ஒரு குறையும் இல்லை.

"நீரும் அண்டைக்கு அடிச்சனீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள். என்ர அப்பப்பாவுக்கு நானும் ப்ளே பண்ண வேணும் எண்டு கேட்டனான். அப்பா விடேல்லை."

"ஏனாம்?"

"'நீ வீட்டுப்பிள்ளை, உள்ளுக்கு நில்' எண்டார். ஆரணிதான் அடிக்க வேணும் எண்டு அப்பப்பா ஹொஸ்பிட்டல்ல வச்சுச் சொன்னவராம். 'வல்லியன்ர ஆக்கள் இங்கதானே இருக்கினம், அவை வந்து அடிச்சால்தான் எனக்குச் சரி' எண்டு. உங்கட ஃபமிலியில அவருக்கு அவ்வளவு ரெஸ்பெக்ற் அங்கிள்."

பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே சொன்னாள். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தொட்டியில் கிடந்த கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

யோசித்துப் பார் மகள். மேடையில் நீங்கள் இருவரும் ஒரே அடி அடிக்கிறீர்கள். ஒரே ஆளிடம் பழகினீர்கள். அவளுடைய அப்பப்பா செத்தபோது அவள் உள்ளே, நீ வெளியே. இன்னொன்று: நீ அடித்தது எங்கள் ஊர்ப் பறையே இல்லை. உன்னுடையது தட்டுப்போல, ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியது. அப்பப்பா கழுத்தில் மாட்டியது இரண்டு பக்கமும் தோல் கட்டிய கனத்த மேளம். நீ காட்டிய வீடியோவில் பார்த்தேன். நீ அங்கே அடித்தது மேடையில் ஆடிக்கொண்டு அடிக்கிற சந்தோசமான அடி. கண்ணாடிக்கு உள்ளே நின்ற ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குச் சத்தமா தேவைப்பட்டது? அடிக்கிற ஆள் தேவைப்பட்டது.

பெட்டிக்குள் கிடந்த அந்த மனிதரை எனக்குத் தெரியும். அவருடைய பெயரை எழுதமாட்டேன். எங்கள் சாதியின் பெயரையும் எழுதமாட்டேன். வெட்கத்தால் அல்ல. எழுதினால் வாசிக்கிறவர்கள் கடிதத்தை விட்டுவிட்டு, தங்கள் ஊரில் அந்தப் பெயருக்குரியவர்கள் எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் இருந்தார்கள் என்று ஆராயத் தொடங்குவார்கள். நம்மவர்களுக்கு அது கைவந்த கலை. கல்யாணத்தில் பக்கத்தில் இருப்பவரிடம், ஊரில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலடி, யாருடைய காணிக்குப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு, சோறு வரமுதல் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்கிறவர் ஒரு தரமும் சாதி என்ற சொல்லை உச்சரிக்கமாட்டார்.

எங்கள் ஊரில் பெரிய வளவு என்று ஒரு வீடு இருந்தது. தோட்டம், கிணறு, கோயில் திருவிழா எல்லாம் அவர்களுடையவை. அந்த வளவில் யார் செத்தாலும் எங்கள் ஆட்கள் மேளத்தோடு போய்ப் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். பிணம் சுடலைக்குப் போகும்வரை அடிக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்கிற வழக்கமே இல்லை. காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். சொந்தப் பிள்ளை செத்துக் கிடந்தாலும் போக வேண்டும். அப்பப்பா அப்படி ஒரு நாள் போனார். எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதை நீ இந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக அறிகிறாய். அவளைப் பாயில் கிடத்திவிட்டு, பெரிய வளவில் செத்த ஒரு கிழவிக்கு அடித்து முடித்து வந்துதான் அவளைத் தூக்கினார். அதைப் பற்றி அவர் பிறகு கதைத்ததில்லை. நானும் இதற்குமேல் எழுதப் போவதில்லை.

எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது இலங்கையின் வடக்கு முழுவதும் ஓர் அசைவு வந்தது. தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்து குடிப்போம், கோயிலுக்குள் போய்க் கும்பிடுவோம் என்று எங்கள் சனம் கிளம்பியது. இடதுசாரித் தோழர்கள் வந்து கூட்டம் வைத்தார்கள். என் பள்ளிக்கூடப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. மிச்சத்தை அவர்கள் விட்டுப்போன துண்டுப்பிரசுரங்களில்தான் படித்தேன். பல ஊர்களில் எங்கள் ஆட்கள் இனிச் செத்தவீடுகளுக்கு மேளம் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். எங்கள் ஊரிலும் அந்தக் கதை நடந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். யார் முதலில் வாயால் சொல்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய வளவு ஐயா செத்தார். அவருடைய மகன் சைக்கிளில் வந்து எங்கள் வேலிக்கு வெளியே காலூன்றி நின்றார். இளந்தாரி. அந்த மகன்தான் இப்போது அஜக்ஸில் செத்தவர்.

"டேய் வல்லியன்! ஐயா மோசம் போயிட்டார். மேளத்தை எடுத்துக்கொண்டு கெதியா வா."

அப்பப்பா முற்றத்தில் குந்தியிருந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"வரேல்லை, தம்பி."

வந்தவருக்கு விளங்கவில்லை. அந்த வளவில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையைக்கூட நாங்கள் நயினார் என்றுதான் கூப்பிட வேண்டும். தன்னைத் தம்பி என்று ஒருவன் சொன்னதை அவருடைய காது ஏற்க மறுத்தது.

"என்ன சொன்னனி?"

"வரேல்லை எண்டனான்."

"ஏன், வருத்தமோ?"

"ஒரு வருத்தமும் இல்லை."

"பின்னை?"

"வரேல்லை."

சைக்கிள் போய்விட்டது. நான் வேலியோடு நின்று பார்த்தேன். வருத்தம், உடம்புக்கு ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்காவது தப்பியிருப்பார். தப்பிக்கிற வழியை அவர்களே காட்டினார்கள். அவர் அந்த வழியால் போகவில்லை. பெரிய வளவு ஐயாவை மேளச் சத்தம் இல்லாமல் கொண்டுபோய் எரித்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு பிணம் போனதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

பிறகு எங்களுக்குத் தோட்ட வேலை இல்லையென்று போனது. தண்ணீருக்கு நெடுந்தூரம் நடந்தோம். ஒரு மத்தியானம் நாங்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நாட்டில் சட்டம் வந்திருந்தது. அதை நம்பித்தான் நானும் அப்பப்பாவும் பொலிசுக்குப் போனோம். "எரிச்சவனைக் கண்டனியோ?" என்று கேட்டார்கள். காணவில்லை என்றோம். "காணாமல் என்னத்தை எழுதுறது?" என்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் முற்றத்து மூலையில் மேளம் எரியாமல் கிடந்தது. அதன் தோலை அப்பப்பா முன்பே கிழித்துவிட்டு, உள்ளே வைக்கோல் போட்டு ஒரு கோழியை அடை வைத்திருந்தார். அந்தக் கோழி எங்களைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு இருந்தது. சில நாட்களில் குஞ்சு பொரித்தது. வீடு இல்லை, ஆனால் அவ்வளவு குஞ்சுகள். அப்பப்பா சிரித்த சிரிப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது. எனக்கு அவர் ஓர் அடிகூடப் பழக்கவில்லை. கேட்டபோது, "உனக்கு உது தேவையில்லை" என்றார். அதுதான் அவர் எனக்கு விட்டுப்போன சொத்து.

இங்கே வந்த பிறகு, உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வருகிற வழியில் நூலகத்துக்குப் போவேன். அங்கேதான் பழைய சட்டங்களைப் பற்றி வாசித்தேன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைக் கேட்டு எழுதிச் சட்டமாக்கியபோது அதில் அடிமைகளுக்கென ஒரு பகுதி வைத்தார்கள். எந்தெந்தச் சாதியார் அடிமைகள், அவர்களின் பிள்ளைகள் யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் இருந்தது. காணி, மாடு, நகையோடு மனிதரையும் சீதனமாகக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஆங்கிலேயர் அடிமை முறையை ஒழித்தார்கள். அந்த அடிமைப் பகுதியில் எங்கள் சாதி இல்லை. ஊருக்குத் தொழில் செய்யக் கட்டுப்பட்ட எங்களுக்குக் குடிமை என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். கடமை, முறை, உரித்து என்று மரியாதையான சொற்கள். எழுதப்பட்டதைச் சட்டத்தால் ஒழிக்கலாம். எழுதாமல் நடந்ததை எந்தச் சட்டத்தால் ஒழிப்பது? அதனால்தான் சட்டம் போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் ஒருவர் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்று கூப்பிட முடிந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளியில் உனக்கு ஒரு புரொஜெக்ற் தந்தார்கள். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் கனடாவுக்குத் தப்பி வந்த கதை. குசினி மேசை முழுவதும் அட்டையும் பசையுமாக இருந்தது. ஆறு ஒன்று கீறி, நீலம் தீட்டி, இந்தப் பக்கம் கனடா என்று எழுதினாய். தப்பி ஓடியவர்களைப் பிடித்து உடையவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் போட்டார்கள் என்றும், அடிமைமுறையே இல்லாத ஊருக்கு ஓடினாலும் அந்தச் சட்டம் துரத்திக்கொண்டு வரும் என்றும், அதை எதிர்த்துச் சனம் இயக்கம் இயக்கமாகக் கிளம்பியது என்றும், இந்தப் பிணக்கெல்லாம் முற்றித்தான் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது என்றும் நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்பா, எங்கட ஊரிலயும் ஸ்லேவரி இருந்ததோ?" என்று கேட்டாய்.

இல்லை என்றேன்.

அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அப்பப்பா எனக்கு அடி பழக்காததுபோலத்தான் நான் உனக்கு அதைச் சொல்லாததும். ஒன்றும் தெரியாமல், ஒன்றையும் சுமக்காமல் ஒரு பிள்ளையாவது நிமிர்ந்து நடக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் நாங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கும் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன் பார், அதுதான் பிழைத்துவிட்டது. தெரியாமல் போனது உனக்கு மட்டும்தான்.

போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் போருக்கு முன் என்ன நடந்தது என்று இங்கே யாரைக் கேட்டாலும் அரசாங்கம் செய்ததைச் சொல்வார்கள். உண்மை. அதனால்தான் நானும் ஓடி வந்தேன். ஆனால் போருக்கு முன் நடந்தவற்றில் எங்கள் வீடு எரிந்ததும் ஒன்று. அதை எரித்தது அரசாங்கம் அல்ல. எங்கள் ஊர்த் தமிழர். அதை நாங்கள் பேசவந்தபோதெல்லாம், முதலில் இனம், உது பிறகு என்றார்கள். ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள் வந்து சாதி பார்த்தால் தண்டனை என்றார்கள். பயத்தில் சனம் வாயை மூடியது. போர் முடிந்ததும் வாய் திறந்தது. உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை. நான் காத்திருந்து கிழவனாகிவிட்டேன்.

நீ அட்டையில் கீறிய அந்த ஆற்றை நானும் கடந்து வந்தவன்தான். கடல் தாண்டி, எத்தனையோ நாடு தாண்டி, ரொறன்ரோவில் வோபர்னில் ஓர் அப்பாட்மென்ற் எடுத்து, இனி ஒருவரும் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட முடியாது என்று நினைத்தேன். தப்பி வந்தவனை அவர்கள் பிடிக்கவில்லை. அவன் பெற்ற பிள்ளையைப் பிடித்துத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு சட்டமும் தேவைப்படவில்லை. "நீர் ஒராள் வந்தால் காணும்" என்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது. தகப்பனுடைய பிணத்துக்குக் கிடைக்காத பறை மகனுடைய பிணத்துக்குக் கிடைத்துவிட்டது. இத்தனை வருடம் அந்த மனிதர் அதை நெஞ்சில் வைத்திருந்து, கனடாவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்போது ஒஷாவாவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பெரிய வளவாரின் உறவுக்காரர் ஒருவர். அவருடைய தாய் காலமாகிவிட்டார். "அஜக்ஸில அடிச்ச பிள்ளை வந்தால் நல்லது" என்றாராம். சனிக்கிழமை. நீ ஓம் என்றுவிட்டாய். முந்தாநாள் நான் வேண்டாம் என்றபோது நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"அப்பா, அப்பப்பாவை ஃபோர்ஸ் பண்ணினவை. என்னை ஒருத்தரும் ஃபோர்ஸ் பண்ணேல்லை. இது என்ர சொய்ஸ்."

"சரி, அப்ப மதுராவுக்கு ஏன் அந்தச் சொய்ஸ் இல்லை?"

"அது அவையின்ர ஃபமிலி பிரச்சினை. பறை எண்டால் விடுதலையப்பா. அதை நாங்கள் திருப்பி எடுத்திட்டம்."

"விடுதலை எண்டால் அவையும் கொஞ்சம் எடுக்கட்டுமன்."

அம்மா சிரித்துவிட்டாள். நீ கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். நான் சொன்னது பகிடி இல்லை.

உனக்குத் தெரிவு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது உனக்குக் கனடா தந்தது என்று நினைக்கிறாய். கனடா பிறகுதான் வந்தது. அன்று முற்றத்தில் குந்தியிருந்தபடி உன் அப்பப்பா வாங்கியது அது. விலையாக ஒரு வீட்டைக் கொடுத்தார். ஓம் என்று சொல்லும் உரிமை எங்கள் ஆட்களுக்கு எப்போதும் இருந்தது, அதை யாரும் பறித்ததில்லை. அவர் வாங்கித் தந்தது மற்றதை. அதை நீ இன்னும் ஒரு தடவைகூடப் பாவிக்கவில்லை.

ஆகவே, இனிச் செய்ய வேண்டியவை.

ஊர்ச் சங்கத்தார் இந்தக் கடிதத்தை வெட்டாமல் மலரில் போட வேண்டும். வீடு விற்பவர் ஒருவரின் படத்தைச் சின்னதாக்கினால் இடம் வரும். அப்பப்பாவின் பெயரை வல்லிபுரம் என்று முழுதாக அச்சடிக்க வேண்டும்.

உங்கள் பறைக் குழு ஒன்றாக இருந்து ஒரு முடிவெடுக்க வேண்டும். செத்தவீட்டுக்குக் கூப்பிட்டால் முழுக் குழுவும் போக வேண்டும், செத்தவரின் பிள்ளைகளில் பேரப்பிள்ளைகளில் ஒருவராவது உங்களோடு வெளியில் நின்று அடிக்க வேண்டும். அதற்குச் சம்மதியாத வீட்டுக்குப் போகக் கூடாது. அடுத்த தைப்பொங்கல் மேடையில், இது தமிழர் எல்லோருடைய வாத்தியம் என்று அறிவிப்பதற்கு முன், இதை யார் அடித்தார்கள், யார் அடிப்பித்தார்கள் என்பதையும் ஒருவர் ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும்.

மதுரா தன் அப்பாவிடம் இருந்து, தான் ஏன் உள்ளே நிற்க வேண்டியிருந்தது என்பதற்குப் பதில் வாங்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்றால் இங்கே வரட்டும், நான் வாசிக்கிறேன்.

மதுராவின் அப்பா எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். நான் செத்தால் அவர் வந்து ஃபியூனரல் ஹோம் வாசலுக்கு வெளியே நின்று அடிக்கட்டும். பழக வேண்டுமென்றால் இப்போதே தொடங்கலாம், நான் இன்னும் கொஞ்சக் காலம் இருப்பேன். அவர் வரமாட்டார் என்றால் என் செத்தவீட்டில் ஒருவரும் அடிக்க வேண்டாம். பெரிய வளவு ஐயா போனதுபோல நானும் சத்தமில்லாமல் போகிறேன்.

அம்மா "விடுங்கோவன்" என்பதை விட வேண்டும்.

நான் உன் அடுத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். முழங்கால் நோதான், பரவாயில்லை. முன்வரிசையில் இருப்பேன். கை தட்டமாட்டேன். அதை என்னிடம் எதிர்பார்க்காதே.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை மேசையில் கிடக்கும் உன் கார்த் திறப்புக் கொத்துக்குக் கீழே வைக்கிறேன். வாசித்ததும் ஒஷாவாவுக்கு நீயே தொலைபேசி எடு. குறுஞ்செய்தி அனுப்பாதே. காய்ச்சல் என்று சொல்லாதே. வேலை என்று சொல்லாதே. அப்பா விடுகிறாரில்லை என்று என்மேல் போடாதே. அவர் கட்டாயம் கேட்பார், "ஏன் பிள்ளை, சுகமில்லையோ?" என்று, மிக அன்பாகவே கேட்பார். சுகமாக இருக்கிறேன் என்று சொல்லு. பிறகு இதைச் சொல்லு, சொல்லிவிட்டுத் தொலைபேசியை வை:

"நான் வரேல்லை, அங்கிள்."

அப்பா